‘ஜீரோ டிஸ்சார்ஜ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம்.

ஆலைக் கழிவுநீர் துளியும் வெளியே போகக் கூடாது என்னும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ ஏற்பாட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த மடல் இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு வருகிறேன். பூஜ்ஜியமா, பூச்சியமா, சுழியமா என்பதிலேயே பாதி மடல்கள் தீர்ந்துவிட்டன. எதை வைத்தாலும் எனக்குச் சம்மதம்தான். என்னை உறுத்துவது அதற்கு அடுத்து வரும் ‘வெளியேற்றம்’.

திருப்பூர்ப் பக்கம் சாயப்பட்டறைகளின் கழிவுநீருக்கான ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தொழிலாளர் கையேடு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். ‘சுழியக் கழிவுநீர் வெளியேற்ற அமைப்பு’ என்று தலைப்பிட்டு, முதல் இயலை அங்கே வேலை செய்யும் ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாக ஆர்.ஓ. பிளான்ட்டில் இருப்பவர். வரிமேல் விரல் வைத்துப் படித்தார். ‘சுழிய’ வந்ததும் கொஞ்சம் தயங்கினார், அதைத் தாண்டினார், ‘கழிவுநீர் வெளியேற்ற அமைப்பு’ என்று சத்தமாகச் சொன்னார். பிறகு கேட்டார்: “இங்கிருந்துதான் தண்ணி எதுவும் வெளிய போறதில்லீங்களே, அப்புறம் இது எந்த அமைப்புங்க?”

தப்பு அவர் மேல் இல்லை. நடக்கவே கூடாத ஒன்றைப் பெயராக நட்டுவைத்துவிட்டு, முன்னால் ஒரு சுழியத்தைத் தொங்கவிட்டிருக்கிறோம். தமிழில் ஒன்றைச் செய்யவில்லை என்றால் வினையையே எதிர்மறையாக்குவதுதான் வழக்கம். குறளின் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள்: கள்ளாமை, வெகுளாமை, கொல்லாமை. சுழியக் களவு, சுழியக் கொலை என்று வைத்திருந்தால் எப்படி இருக்கும்!

ஆகவே என் பரிந்துரை: கழிவுநீர் விடாமை.

‘விடு’ நான் அகராதியில் தேடிப் பிடித்த வினை இல்லை. நொய்யல் கரையில் யாரைக் கேட்டாலும் “ராத்திரியில சாயத்தண்ணிய ஆத்துல விட்டுட்டாங்க” என்றுதான் சொல்வார்கள். ‘வெளியேற்றினர்’ என்பதெல்லாம் நாளிதழில் மட்டும். பெயரடை வேண்டுமென்றால் ‘கழிவுநீர் விடா ஆலை’, ஆணைகளில் ‘கழிவுநீர் விடாமை நிபந்தனை’.

இனி, வந்த கேள்விகளுக்கு.

> இவ்வளவு எதற்கு? ‘முழுமீட்பு’ என்று நேர்மறையாகவே சொல்லிவிடலாமே.

அழகான சொல். ஆனால் பொய் சொல்லும். ஏன் என்று காட்டச் சாயப்பட்டறைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

பருத்தியில் ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதிவினையால் பிணையும் சாயம்) ஏற உப்பு தேவை. தண்ணீருக்குள் துணியும் சாயமும் இரண்டுமே எதிர்மின்னூட்டத்தோடு இருப்பதால் ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தள்ளலைத் தணித்துச் சாயத்தைத் துணிப்பக்கம் நகர்த்துவது உப்பு. வேலை முடிந்ததும் சாயத்தின் பெரும்பகுதி துணியோடு போய்விடும். போட்ட உப்பு அப்படியே தண்ணீரில் நிற்கும். அடர்நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம், ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள், 480 கிராம். இருநூறு கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு டி-ஷர்ட்டுக்குக் கிட்டத்தட்ட நூறு கிராம் உப்பு.

பழைய சுத்திகரிப்பு நிறத்தை எடுத்தது, உப்பைத் தொடவில்லை. கரைந்த திண்மங்கள் (இங்கே பெரும்பாலும் உப்பு) லிட்டருக்கு 2,100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்ற விதி ஏட்டில் இருந்தது. பாசனத்துக்காக நொய்யலின் குறுக்கே 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத்தண்ணி தேங்கியது. அணையைத் திறக்காதீர்கள் என்று விவசாயிகளே சொல்லும்படி ஆனது. ஆயக்கட்டுதாரர்கள் (ஆற்றுப் பாசன விவசாயிகள்) தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2006-ல் இந்த ‘ஜீரோ’வைக் கட்டாயமாக்கியது. 2009-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அப்படியும் நிறைவேறாததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஊரில் டீக்கடை வரைக்கும் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ வந்து சேர்ந்தது அந்த வருடம்தான்.

இப்போது என்ன நடக்கிறது? ஆர்.ஓ. சவ்வில் நல்ல தண்ணீரைப் பிரித்துப் பட்டறைக்கே திருப்பி அனுப்புகிறார்கள். மிஞ்சும் உவர்நீரைக் காய்ச்சிச் சுண்டவைத்து, சாயமேற்றப் பயன்படும் கிளாபர் உப்பை (சோடியம் சல்பேட்) படிகமாக எடுக்கிறார்கள். அதுவும் சாயத்துக்கே போகிறது. (சுண்டவைக்க நீராவி, நீராவிக்கு விறகு. புகைபோக்கி வழியாகப் போவது எந்தக் கணக்கில் வரும் என்று இன்னோர் இழை தொடங்கலாம்.) கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சும். பழுப்பாக, பிசுபிசுவென்று, மறுபடி சாயத்துக்கு ஆகாதது. மூட்டை மூட்டையாகக் கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூரை போட்டிருப்பது வெயிலுக்காக இல்லை. ஒரு மழை நனைத்தால் போதும், அது திரும்பவும் கழிவுநீர்.

அந்தக் கொட்டகையைப் பார்த்துவிட்டு வந்து ‘முழுமீட்பு’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ‘ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ்’ என்ற முழு ஆங்கிலச் சொல்லில் ‘லிக்விட்’ என்றாவது இருக்கிறது, நீர்மமாக எதுவும் போகாது என்பதைத் தாண்டி அது எதையும் சொல்வதில்லை. பேச்சில் அதை விழுங்கி ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ ஆக்கியபோதுதான் உப்பு கண்ணிலிருந்து மறைந்தது. தமிழிலும் ‘நீர்’ விடுபட்டால் அதே கதைதான்.

> சென்னையில் கழிவுநீர் என்றால் வீட்டுச் சாக்கடைத் தண்ணீர். குழப்பம் வராதா?

வரும். சட்ட வரைவிலும் பாடநூலிலும் முதல் தடவை ‘ஆலைக் கழிவுநீர் விடாமை’ என்று முழுதாக எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம்.

> ‘விடாமை’ என்றதும் விடாமுயற்சிதான் ஞாபகம் வருகிறது :)

தனியாக நின்றால் வரும்தான். செயப்படுபொருள் முன்னால் வந்துவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை. ‘தண்ணீர் விடாமல் அரைக்கவும்’ என்று துவையல் குறிப்பில் படிக்கும்போது யாருக்கும் முயற்சி நினைவுக்கு வருவதில்லையே, அண்ணா.

தலைப்பைக் ‘கழிவுநீர் விடா அமைப்பு’ என்று மாற்றி, அதே ஆளிடம் நேற்று மறுபடி கொண்டுபோய்க் காட்டினேன். ஒரே மூச்சில் படித்துவிட்டார். “சரீங்க, அந்த உப்புக்கு என்ன பேரு வெச்சிருக்கீங்க?” என்றார்.

அங்கே எல்லோரும் ‘மிக்ஸ் சால்ட்’ என்கிறார்கள். கையேட்டில் இப்போதைக்குக் ‘கலப்பு உப்பு’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் அது சமையலறை உப்பைப் போலச் சாதுவாகத் தெரிகிறது. ‘எச்சவுப்பு’ என்று ஒன்று மனதில் இருக்கிறது. எச்சில் வாடை அடிக்கிறதோ என்று தயங்குகிறேன். வேறு தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், கோப்பு அச்சுக்குப் போகிறது.