வேஸ்ட்கேட்டுக்குத் தமிழ்ச் சொல்: என் முன்மொழிவு ‘மறுகால்’

வணக்கம் எல்லோருக்கும்,

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை வீட்டுக் கராஜில் வைத்தே பிரித்துக் கட்டுவது பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதி வருவது உங்களுக்குத் தெரியும். 1991 முதல் 2002 வரை வந்த எஃப்டி வகை அது; 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சின், இரண்டு டர்போ. எஞ்சின் அத்தியாயம் பெரிய சிக்கலில்லாமல் முடிந்தது. டர்போ அத்தியாயத்தில், அளவுக்கு மேல் வரும் புகையை வெளியே விடும் வேஸ்ட்கேட் என்ற கதவுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதைத் தமிழில் எப்படிச் சொல்லலாம் என்று போன கிழமை இங்கே கேட்டேன்; நல்ல பதில்கள் வந்தன. எல்லாவற்றையும் வாசித்து, கராஜில் கிடக்கும் டர்போவோடும் பொருத்திப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதலில், “வேஸ்ட்கேட் என்றே எழுதிவிட்டுப் போங்களேன், எந்த மெக்கானிக்குக்கும் அது விளங்கும்” என்ற கருத்து. உதிரிப்பாகக் கடையில் நானும் அப்படித்தான் கேட்பேன். டர்போ, பிஸ்டன், கியர் போன்ற சொற்களை நான் தொடப் போவதில்லை. ஆனால் இந்தக் கையேட்டை வாசிக்கப் போகிறவர் முதல் தடவையாக ஒரு டர்போவைத் திறப்பவர். எஃப்டியின் டர்போ வார்ப்பைத் திறந்தால் புகை செல்லும் பாதையில் ஒன்றல்ல, மூன்று கதவுகள் இருக்கும். ஒவ்வொன்றும் எதற்கு என்று பெயரிலேயே தெரியாவிட்டால் அவர் தவறான தண்டைத்தான் அசைத்துக்கொண்டிருப்பார். எல்லாவற்றையும் ‘வால்வு’ என்று போடலாமே என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்ற எஞ்சின்களைப் போல உள்ளே வரும் காற்றையும் வெளியேறும் புகையையும் திறந்து மூடும் வால்வு இந்த ரோட்டரி எஞ்சினில் கிடையாது. பிஸ்டனுக்குப் பதிலாக உள்ளே இருக்கும் முக்கோண ரோட்டர் சுழலும்போது தானே துளைகளைத் திறந்து மூடும். முதல் அத்தியாயத்தில் அதை விலாவாரியாகச் சொல்லிவிட்டு, நாலாம் அத்தியாயத்தில் மூன்று வால்வுகளைக் கொண்டுவந்தால் வாசிப்பவர் குழம்பிப் போவார்.

அந்த மூன்றும் என்ன செய்கின்றன என்று சொல்லிவிடுகிறேன், சொல் தேர்வு அதில்தான் தங்கியிருக்கிறது. டர்போவில் புகை சுழற்றும் சக்கரம் டர்பைன்; அதோடு சேர்ந்து சுழன்று எஞ்சினுக்குக் காற்றை அமுக்கித் தள்ளும் சக்கரம் கம்ப்ரசர். எஞ்சின் மெதுவாக ஓடும்போது புகை முழுவதும் முதல் டர்போவுக்கே போகும். ஒரே டர்போ என்பதால் அது சீக்கிரம் வேகம் பிடிக்கும். நிமிடத்துக்குச் சுமார் 4500 சுற்றில் இரண்டாவது டர்போ சேர வேண்டும். நின்றுகொண்டிருக்கும் டர்போவைத் திடீரென்று சேர்த்தால் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கும். அதனால் ஒரு சின்னக் கதவு முன்கூட்டியே கொஞ்சப் புகையை இரண்டாவதுக்கு விட்டு அதைச் சுழல வைக்கிறது. நேரம் வந்ததும் பெரிய கதவு ஒன்று திறந்து இரண்டாவது டர்போவை முழுதாகச் சேர்த்துவிடும். மூன்றாவது கதவுதான் வேஸ்ட்கேட். தேவைக்கு மேலே வரும் புகையை அது டர்பைன் பக்கமே விடாமல் சுற்றி அனுப்பி, நேரே புகைக்குழாயில் சேர்க்கிறது. முதல் இரண்டும் புகையை வேலைக்கு அனுப்பும் கதவுகள். இது மட்டும்தான் வேலை கொடுக்காமல் அனுப்பிவிடும் கதவு.

இனி வந்த சொற்களுக்கு வருகிறேன்.

> கழிவு வாயில்

நேரடி மொழிபெயர்ப்பு. கழிவு வாயில் என்றால் குளியலறைக் குழாய்தான் நினைவுக்கு வரும் என்பதை விட்டுவிடலாம். எஞ்சினை விட்டு வெளியேறும் புகை முழுவதுமே கழிவுதான். அந்தக் கழிவில் பெரும்பகுதி டர்பைனைச் சுழற்றிவிட்டுப் போகிறது, மீதி சுழற்றாமல் போகிறது. ஆகவே கழிவு என்பது இந்தக் கதவை மட்டும் பிரித்துக் காட்டாது.

> மிகையழுத்த விடுவிப்பான்

இதைத்தான் நான் முதலில் ஏற்கவிருந்தேன், கேட்க முறையாக இருக்கிறது. ஆனால் அழுத்தத்தை விடுவிக்கும் வேறொரு உறுப்பு ஏற்கெனவே இருக்கிறது. வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது கியர் மாற்றக் காலை எடுத்தால் காற்று உள்ளே போகும் வழியில் இருக்கும் திராட்டில் என்ற தட்டு மூடிக்கொள்ளும். டர்போ அமுக்கித் தள்ளிய காற்று போக வழியில்லாமல் நிற்கும். அப்போது அந்தக் காற்றைத் திறந்துவிடுவது புளோ-ஆஃப் வால்வு. அது எஞ்சினுக்குக் காற்று வரும் பக்கத்தில் இருக்கிறது. வேஸ்ட்கேட் புகை போகும் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று நிமிடத்துக்குச் சில தடவை ஒரு மூச்சு விடுகிற வேலை, மற்றது முழுச் சுமையில் தொடர்ந்து பாய்கிற வேலை. இந்தச் சொல்லை வேஸ்ட்கேட்டுக்குக் கொடுத்தால் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். புளோ-ஆஃபுக்கு ‘விடுவிதழ்’ போதும் என்று நினைக்கிறேன், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது.

> மதகு

மதுரையிலிருந்து எழுதிய அண்ணன் சொன்னது. கண்மாயிலிருந்து வயலுக்கு நீர் எடுக்கத் திறப்பது மதகு, அது தேவைக்குத் திறப்பது. இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. அதோடு இலங்கையில் எங்கள் ஊரில் மதகு என்றால் வீதிக்குக் குறுக்கே நீர் போகும் சிறு பாலம், மாலையில் பொடியன்கள் குந்தியிருந்து கதைக்கும் இடம். நீங்கள் மதகு என்பதை வன்னியில் துருசு என்பார்கள். இந்த ஒரு சொல்லுக்கே இரண்டு கரையிலும் இரண்டு பொருள் இருப்பதால் அது வேண்டாம்.

ஆனால் அண்ணன் தேடிய திசை மிகச் சரி. குளத்தில் நீர் அளவுக்கு மேல் வந்தால் கட்டு உடையாமல் உபரியை வெளியே விடும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. நீர்ப்பாசனக்காரர்கள் அதை ஆங்கிலத்தில் வேஸ்ட் வியர் என்று சொல்வது உண்டு. அந்த ‘வேஸ்ட்’டும் வேஸ்ட்கேட்டின் ‘வேஸ்ட்’டும் ஒரே பொருளில் வருபவை: உபரியைப் போகவிடுதல். அதற்கு நம்மிடம் பல நூற்றாண்டுப் புழக்கமுள்ள சொற்கள் இருக்கின்றன. கலிங்கு என்பார்கள். மதுரை, நெல்லைப் பக்கம் ‘கண்மாய் மறுகால் பாய்கிறது’ என்பார்கள். எங்கள் பக்கம் குளம் ‘வான் பாயும்’. மாரி காலத்தில் வன்னியின் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறக்கப்பட்டன என்று செய்தி வராத வருடம் குறைவு.

ஆகவே போட்டி இந்த மூன்றுக்கும் இடையில்தான்.

வன்னியில் பிறந்தவன் என்ற முறையில் வான்கதவுதான் எனக்கு வாயில் முதலில் வரும். அதில் கதவு என்பதும் ஆயத்தமாக இருக்கிறது. ஆனால் வாகனம் பற்றிய நூலில் அது சரிவராது. தமிழ்நாட்டு வாசகர் வானம் என்று எடுத்துக்கொள்வார். அதைக்கூட ஒரு வரியில் விளக்கிவிடலாம். எங்கள் ஆட்களுக்கோ வான் என்பது வீட்டு வாசலில் நிற்கும் ஹையேஸ் வான். “வான்கதவு இறுகிவிட்டால் தண்டைக் கழற்றி எண்ணெய் விடவும்” என்று எழுதினால் எந்தக் கதவுக்கு எண்ணெய் விடப் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கலிங்கு நல்ல சொல். உயரத்தை மீறிய நீர் கட்டின் மேலாகத் தானே வழிவதுதான் அதன் வழக்கமான உருவம். திறந்து மூடும் கதவு என்ற எண்ணம் அதில் வலுவாக இல்லை. வினையாகவும் அது எளிதில் நீளாது.

மறுகால் நீளும். மறுகால் பாய்கிறது, மறுகால் திறந்தது, மறுகால் போதவில்லை. அறியாதவருக்கும் மறு, கால் என்று பிரித்தால் ‘மற்றொரு வாய்க்கால்’ என்று தெரிந்துவிடும். டர்பைன் வழியே போவது முதற்பாதை, இது மறுபாதை. வார்ப்பைத் திறந்து வைத்துப் பார்த்தால் கண்ணுக்குத் தெரிவதும் அதுதான்: டர்பைன் சக்கரத்துக்குப் போகும் பெரிய வழியின் பக்கச் சுவரில் ஒரு வட்டத் துளை; அதன் மேல் ஒரு தடித்த இரும்புத் தட்டு; தட்டைத் தாங்கும் வளைந்த கை; அந்தக் கையின் அச்சு சுவரைத் துளைத்து வெளியே வந்து தண்டோடு சேர்கிறது. பல வருடம் ஓடிய டர்போவில் அந்தத் துளைக்கும் சக்கர வழிக்கும் இடையில் மயிர்க்கோடு போல வெடிப்பு ஓடியிருக்கும், தட்டின் விளிம்பில் புகை படிந்த தடம் ஒரு பக்கம் மட்டும் கருத்திருக்கும். தட்டு சரியாக உட்காரவில்லை என்று அந்தத் தடமே சொல்லிவிடும். உறுப்பை ‘மறுகால் கதவு’ என்றும், செயலை ‘மறுகால் பாய்தல்’ என்றும் எழுதலாம் என்பது என் முன்மொழிவு.

இதற்கு ஒரு பலமான மறுப்பு வந்தது. குளத்தில் தேங்குவதும் நீர், வழிவதும் நீர். டர்போவில் கூடுவது காற்றின் அழுத்தம், வழிவது புகை. எனவே ஒப்பீடு பொருந்தாது என்றார் கோவை நண்பர். சரியான கேள்வி. என் பதில்: உபரியாக இருப்பது புகைதான். எஞ்சின் 7000 சுற்றில் ஓடும்போது டர்பைனுக்குத் தேவையானதைவிட அதிகப் புகையைத் தள்ளுகிறது. அந்த உபரிப் புகையை மறுகாலில் விட்டால் டர்பைன் அளவோடு சுழலும், காற்றழுத்தமும் அளவோடு நிற்கும். அழுத்தம் கட்டுக்குள் வருவது அதன் விளைவு. அளவுகோல் மட்டும் மறுபக்கத்தில் இருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து ஒரு சிறு ரப்பர் குழாய் வந்து, தண்டை நகர்த்தும் இயக்கியில் சேரும். இயக்கிக்குள் ஒரு சவ்வும் ஒரு சுருள்வில்லும். அழுத்தம் வில்லை வெல்லும்போது தண்டு நகர்ந்து கதவு திறக்கும். அழுத்தத்தைக் கூட்ட விரும்புகிறவர்கள் அந்த ரப்பர் குழாயில் ஒரு கசிவை வைத்து, உண்மையைவிடக் குறைந்த அழுத்தத்தையே இயக்கிக்குக் காட்டுகிறார்கள். பூஸ்ட் கன்ட்ரோலர் என்று விற்பதன் அடிப்படை இவ்வளவுதான்.

இந்தக் கதவு இல்லாமலும் டர்போ கார் ஓடியிருக்கிறது. 1962இல் அமெரிக்காவில் இரண்டு டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் மறுகால் கதவு இருந்தது. செவ்ரோலே கோர்வேர் மோன்சா ஸ்பைடரில் இல்லை. புகைப்பாதையின் நெருக்கடியே அழுத்தத்தை மட்டுப்படுத்தும்படி அமைத்திருந்தார்கள். கதவு இருந்தால் சிறிய டர்போவைப் போடலாம், அது குறைந்த சுற்றிலேயே உயிர்பெறும், மேலே போனதும் உபரியை விட்டுவிடலாம். சாப் நிறுவனம் 1977இல் காட்டிய 99 டர்போ அன்றாட ஓட்டத்துக்கு ஏற்றதாக இருந்ததற்கு இந்த ஏற்பாடு முக்கியமான காரணம்.

இனி நான் மிகவும் கவலைப்படும் இடம். எஃப்டி வாங்கியவர்கள் முதலில் செய்யும் மாற்றம் புகைக்குழாயை அகலமாக்குவது. புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றி, டர்போவிலிருந்து பின்பக்கம் வரை பெரிய குழாய் போட்டால் சத்தமும் வேகமும் கூடும். ஆனால் பின்னாலிருந்த தடை குறைந்ததால் டர்பைன் இன்னும் வேகமாகச் சுழல்கிறது, புகை கூடுகிறது. தொழிற்சாலைத் துளை அவ்வளவு உபரிக்கு அளவெடுத்துச் செய்ததல்ல. கதவு முழுதாகத் திறந்திருந்தும் சுற்று ஏற ஏற அழுத்தமும் ஏறிக்கொண்டே போகும். இதைப் பூஸ்ட் க்ரீப் என்கிறார்கள். 10 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிற்க வேண்டிய அழுத்தமானி முள் மெல்ல மெல்ல மேலே போகும். அந்த அளவு காற்றுக்கு வேண்டிய பெற்றோலை ஆரம்ப அமைப்பால் கொடுக்க முடியாது. கலவை மெலிந்து, எரிதல் வெடிப்பாக மாறும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் எபெக்ஸ் சீல் என்ற அடைப்புப் பட்டைகள் மெல்லியவை. ஒன்று உடைந்தால் துண்டு ரோட்டர் அறையின் சுவரைக் கீறிக்கொண்டு வெளியே போய் டர்பைன் இறக்கைகளையும் அடிக்கும். முழு எஞ்சினும் மறுபடி மேசைக்கு வரும்.

இதற்கு ‘அழுத்த ஊர்தல்’ என்று ஒருவர் சொன்னார். அது நடப்பதைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை. ‘மறுகால் போதாமை’ என்றால் என்ன செய்ய வேண்டும் என்பதும் கூடவே வந்துவிடும்: துளையைக் கடைந்து அகலமாக்கி, பெரிய தட்டு போட வேண்டும், அல்லது டர்போவையே மாற்றி வெளியே தனி மறுகால் வைக்க வேண்டும். பூஸ்ட் ஸ்பைக் என்பது வேறு. கதவு திறக்கக் கொஞ்சம் பிந்துவதால் முள் ஒரு கணம் தாண்டிவிட்டுத் திரும்பி வருவது அது. ‘அழுத்தத் தாவல்’ என்று பிரித்து வைக்கலாம். போதாமைக்குத் துளையைப் பார்க்க வேண்டும், தாவலுக்குக் குழாயையும் வில்லையும் பார்க்க வேண்டும். எஃப்டியில் அந்தச் சின்ன ரப்பர் குழாய்கள் எஞ்சின் மேலே காடாகக் கிடக்கும். சூட்டில் இறுகி, விரலால் வளைத்தாலே முறியும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே எல்லாவற்றையும் சிலிகோன் குழாயாக மாற்றிவிடுங்கள். திரும்ப உள்ளே வைத்த பிறகு கை போகாது.

டர்போ வார்ப்போடு சேர்ந்த கதவுக்கு ‘அக மறுகால்’, தனியாகக் குழாயில் பொருத்துவதற்குப் ‘புற மறுகால்’. புற மறுகாலின் புகையைத் திரும்பப் புகைக்குழாயில் சேர்க்காமல் நேரே வெளியே விடுபவர்களும் உண்டு, காது கிழியும். குடியிருப்புப் பகுதியில் அதைச் செய்ய வேண்டாம் என்று கையேட்டில் அழுத்தி எழுதியிருக்கிறேன்.

மறுகாலுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிறுக்குள் எழுதுங்கள், இல்லாவிட்டால் அத்தியாயம் முழுவதும் அதையே போட்டுவிடுவேன். இன்னும் தீராதது அந்த முதல் சின்னக் கதவு: இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழல வைப்பது. ‘முன்சுழற்றுக் கதவு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் முதல் டர்போ தனியாக ஓடும்போது அதன் அழுத்தத்தை மட்டுப்படுத்துவதும் அதே கதவுதான், புகையை வீணாக்காமல் இரண்டாவதுக்குக் கொடுத்துக்கொண்டே. இரண்டு வேலையும் தெரியும்படி ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து