பழைய தச்சு மின்கருவிகளை வாங்கலாமா?

கேள்வி:
பெரம்பூரில் வீட்டு மாடியில் சிறு தச்சுப்பட்டறை அமைக்க எண்ணியுள்ளேன். தொழிலை விட்டு ஊருக்குத் திரும்பும் ஒருவர், தம் வட்ட ரம்பத்தையும் மின் இழைப்புளியையும் புதியவற்றின் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?

மறுமொழி 1:
இழைப்புளியைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம் ஐயா. மின்சாரத்தைத் துண்டித்து, உருளையைக் கையால் சுழற்றி, பேரிங்கில் ஆட்டமோ கரகரப்போ இருக்கிறதா என்று கவனித்த பின், சில நிமிடங்கள் ஓடவிட்டு, கார்பன் பிரஷ் (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கரித்துண்டு) அருகே தீப்பொறி வளையமாகப் பரவுகிறதா, கருகிய வாடை வருகிறதா என்று பாருங்கள். பிரஷ் தேய்ந்திருந்தால் மாற்றுவது எளிது, செலவும் குறைவு. ஆர்மேச்சர், அதாவது மோட்டாரின் சுழலும் கம்பிச்சுருள் பகுதி, கருகியிருந்தால் பேரத்தை அங்கேயே விட்டுவிடுங்கள்.

மறுமொழி 2:
எனக்கு ரம்பத்தைப் பற்றித்தான் கவலை. அதன் அறுக்கும் தகட்டை மூடும் கீழ்க்காப்பு உறை, கையை எடுத்தவுடன் தானே மூடிக்கொள்ள வேண்டும். வேகமாக அறுப்பதற்காக அதைக் கட்டி வைத்தோ கழற்றியோ பயன்படுத்திய ரம்பம் என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் தயவுசெய்து வாங்காதீர்கள்.

மறுமொழி 3:
பெயர்த்தகட்டையும் படியுங்கள். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த 120 வோல்ட் கருவியை நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் மோட்டார் எரிந்துவிடும். அந்த மாடலுக்கு பிரஷும் பெல்ட்டும் பாரிமுனைக் கடைகளில் கிடைக்குமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.