மறு: 'செஷன் மியூசிஷியன்' – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் இசைப்பதிவு நகரமான நாஷ்வில் பற்றிய நம் கட்டுரைக்கு, ஒலிப்பதிவுக் கூடத்தில் கூலிக்கு வாசிக்கும் 'செஷன் மியூசிஷியனுக்கு' ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம்.

> 'அமர்வு இசைஞர்' என்று போட்டுவிடலாமே?

வேண்டாம். சட்டமன்ற அமர்வு கேட்டுப் பழகிய காதுக்கு, உட்கார்ந்து தீர்மானம் நிறைவேற்றும் கலைஞர்தான் தோன்றுவார். நாஷ்வில்லில் செஷன் என்பது கூலிக்கணக்கின் அலகு. இசைக்கலைஞர் சங்க விதிப்படி ஒன்று 3 மணி நேரம். காலை 10, பிற்பகல் 2, மாலை 6, சில நாள்களில் இரவு 10 என்று அடுத்தடுத்து வரும். ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பாடல்கள் முடிந்தாக வேண்டும். இசைக்குறிப்பை முழுதாக எழுதிக்கொண்டிருக்க நேரம் ஏது? 1950களின் பிற்பகுதியில் ஜோர்டனேர்ஸ் என்ற பின்னணிப் பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் சுரங்களை எண்களால் குறித்துக்கொண்டார். ஹார்மோனிகா கலைஞர் சார்லி மெக்காய் முதலியோர் அதையே வாத்தியக்காரர்களின் சுரச்சேர்க்கைகளுக்கு ஏற்றார்கள். பாடகருக்குச் சுருதி ஒத்துவராவிட்டால் தாளில் எதையும் திருத்த வேண்டாம். ஒன்றாம் எண் எந்தச் சுரம் என்று மாற்றிச் சொன்னால் போதும். சட்ஜத்தை எங்கே வைத்தாலும் அது சட்ஜமே என்று பழகிய நமக்கு இதில் வியப்பில்லை.

> 'பக்கவாத்தியக்காரர்'?

அது மேடைச்சொல். மிருதங்கக்காரரின் பெயர் அழைப்பிதழில் வரும், தனியாவர்த்தனமும் உண்டு. நாஷ்வில்லின் ஹரால்ட் பிராட்லி ஆயிரக்கணக்கான பதிவுகளில் கிதார் வாசித்தவர். அக்கால இசைத்தட்டு உறைகளிலோ வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. அமெரிக்காவில் பண்பலை வானொலியில் ஒரு பாடல் ஒலித்தால் எழுதியவருக்குத் தொகை உண்டு, வாசித்தவருக்கு இல்லை.

ஆகவே கூலியும் நேரமும் தெரிகிற சொல் வேண்டும். முதலில் 'யாமம்' நினைவுக்கு வந்தது. ஏழரை நாழிகை, அதாவது சரியாக 3 மணி நேரம்! ஆனால் 'யாம இசைஞர்' என்றால் பேய்க்கதை ஆகிவிடும். என் பரிந்துரை: செஷன் – வேளை, ஆள் – வேளை இசைஞர், ஊதியம் – வேளைக்கூலி.

கட்டுரையின் மறுபாதிக்கும் ஒரு சொல் தேவை. பாடலாசிரியர்களுக்கு இசைப்பதிப்பு நிறுவனங்கள் மாதந்தோறும் தரும் 'டிரா' சம்பளம் அன்று. பின்னால் வரும் உரிமைத்தொகையில் கழித்துக்கொள்ளும் முன்பணம். பாட்டு ஓடாவிட்டால் ஏட்டில் கடனாகவே நிற்கும். இதற்குப் 'பற்று' இருக்கிறதே, பற்று வரவுக் கணக்கில்!

---

> பற்று பிரமாதம். ஆனால் கோடம்பாக்கத்தில் வாத்தியக்காரர்கள் 'கால்ஷீட்' என்றுதானே சொல்கிறார்கள்? அதையே வைத்தால் என்ன? மேலும் 'வேளை இசைஞர்' அச்சில் 'வேலை இசைஞர்' ஆகிவிடும்.

கால்ஷீட் வாசகருக்கு நடிகர்களின் தேதியைத்தான் நினைவூட்டும். பிழைத்திருத்துநர் தவறவிட்டால் விடட்டும். இந்த இசைஞர்கள் செய்வதும் வேலைதானே. வேறு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், அன்று மாலை கட்டுரை அச்சுக்குப் போகிறது.