ஃபுளோரன்ஸ் போய் வந்தவர்களே, உங்கள் மனதைவிட்டுப் போகாதது எது?

காவிரிக்கரை:
அகாதமியா அருங்காட்சியகம். டேவிட் சிலையைப் பற்றி இங்கே யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. நான் சொல்ல வந்தது, அதற்குப் போகும் வழியில் இரு பக்கமும் நிற்கிற ‘கைதிகள்’ பற்றி. இரண்டாம் ஜூலியஸ் போப்பின் கல்லறைக்காக மைக்கேலாஞ்சலோ தொடங்கிப் பாதியில் விட்ட சிலைகள். கூட்டம் அவற்றைத் தாண்டி டேவிட்டிடம் ஓடுகிறது. அட்லஸ் என்று பெயரிட்ட சிலைக்குத் தலை இன்னும் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. தோளுக்கு மேலே வெறும் பாறைக் கட்டி. கிட்டே போனால் பல் உளி இழுத்த கோடுகள் வரிவரியாகத் தெரியும். சில இடத்தில் நெருக்கமாக, சில இடத்தில் முரடாக. கை எங்கே நிதானித்தது, எங்கே வேகம் எடுத்தது என்று பின்தொடர முடிகிறது. டேவிட்டில் அது முடியாது, எல்லாத் தடத்தையும் தேய்த்து வழவழப்பாக்கிவிட்டார். நான் அட்லஸ் முன்னாலேயே நின்றுவிட்டேன். டேவிட்டைத் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி. அதில் எனக்கு வருத்தமே இல்லை.

பனைமரம்:
வருத்தமே இல்லையா? 1501 முதல் 1504 வரை ஒரு மனிதர் செதுக்கிய ஐந்து மீட்டர் உயரச் சிலை அது, அதுவும் வேறு சிற்பிகள் தொட்டுக் கைவிட்ட கல்லில். சரி, அவரவர் விருப்பம்.

எனக்குச் சாந்தா குரோச்சே தேவாலயம். மைக்கேலாஞ்சலோ, கலிலியோ, மாக்கியவெல்லி கல்லறைகளுக்காகத்தான் எல்லோரும் போகிறார்கள், நானும் அதற்குத்தான் போனேன். உள்ளே சிமபூவே வரைந்த பெரிய மரச்சிலுவை இருக்கிறது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு வெள்ளமாக ஊருக்குள் புகுந்தபோது அது சேற்றிலும் எண்ணெயிலும் மூழ்கி, வண்ணத்தில் பாதிக்கு மேல் உரிந்து போயிற்று. இயேசுவின் முகத்தில் ஒரு பகுதியே இல்லை. சீர்செய்தவர்கள் அந்த இடத்தில் புதிதாக முகம் வரையவில்லை. மெல்லிய வண்ணக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இட்டு நிரப்பியிருக்கிறார்கள். தள்ளி நின்றால் கண் உறுத்தவில்லை, கிட்டே போனால் இழப்பு இழப்பாகவே தெரிகிறது. எழுநூறு ஆண்டு தாங்கிய முகம் ஒரே நாளில் போயிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது, பக்கத்தில் நின்ற என் மாமியார் ஏன் என்று கேட்கவில்லை.

தெற்குவாசல்:
பனைமரம் அக்கா, எனக்கு அந்தச் சிலுவையைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. பழைய புகைப்படங்கள் இருக்கும்போது முழுதாக வரைந்திருக்கலாமே? கும்பிட வருகிறவருக்கு முகம் வேண்டாமா?

என் அனுபவம் பேராலயத்தின் குவிமாடம். 463 படி. புருனெல்லெஸ்கி ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு கூடுகளாகக் கட்டியிருக்கிறார், படிகள் அந்த இரண்டுக்கும் நடுவில் போகின்றன. சுவர் உங்கள் பக்கம் சாய்ந்துகொண்டே வரும். ஒரு வளைவில் கையை ஊன்றினேன், விரலுக்கடியில் செங்கற்கள் மீன்முள் போல மாறி மாறி நின்றன. 1420இல் தொடங்கி 1436 வரை, தரையிலிருந்து சாரம் முட்டுக்கொடுக்காமல் அத்தனை பெரிய வளைவு மேலே ஏறியதற்கு அந்த அடுக்கும் ஒரு காரணம். படித்தது கைக்கு வந்த நொடி அது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். குவிமாடத்துக்கு நேரம் குறித்து முன்பதிவு கட்டாயம். லிஃப்ட் கிடையாது. மூட்டுவலி, மூச்சிரைப்பு, அடைந்த இடத்தில் பயம் இருந்தால் ஏறாதீர்கள். பெரிய பையை முதலில் ஒப்படைத்துவிட்டு வரிசைக்குப் போங்கள். பேராலயத்துக்குள் நுழையக் கட்டணமில்லை, ஆனால் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். அப்புறம், குவிமாடத்தையே படம் எடுக்க வேண்டுமென்றால் அதன் மேல் ஏறிப் பயனில்லை, 414 படியுள்ள ஜியோத்தோ மணிக்கூண்டில் ஏறுங்கள். ஞானஸ்நான மண்டபத்தில் பளபளக்கும் கிபெர்த்தியின் ‘சொர்க்க வாசல்’ கதவு நகல், அசல் பேராலயத்துக்குப் பின்னாலுள்ள அருங்காட்சியகத்தில். உஃபீத்சி ஓவியக்கூடம், அகாதமியா இரண்டும் திங்கள் விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம் என்று ஆசைப்பட்டால் வரிசையிலேயே காலை போய்விடும்.

பனைமரம்:
தெற்குவாசல் தம்பி, புகைப்படத்தைப் பார்த்து வரைந்தால் அது சிமபூவே முகம் ஆகாது. இன்றைய ஓவியர் ஒருவரின் முகம் ஆகும். அதைக் கும்பிடச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

பச்சைமலை:
நீங்கள் யாரும் போகாத இடம் ஒன்று. காஷினே பூங்காவின் மேற்குக் கோடி. கோலாப்பூர் மகாராஜா ராஜாராம் இங்கிலாந்து போய்த் திரும்பும் வழியில் 1870 நவம்பரில் இந்த ஊரில் இறந்தார், வயது இருபதை ஒட்டித்தான். அப்போது இத்தாலியின் தலைநகரமே ஃபுளோரன்ஸ்தான். பிணத்தை எரிப்பது அங்கே வழக்கத்தில் இல்லை, தனி அனுமதி வாங்கினார்கள். முஞோனே ஓடை ஆர்னோவில் கலக்கும் இடத்தில், ஆறு கூடும் துறை வேண்டும் என்பதற்காக, சிதை மூட்டினார்கள். 1874இல் அங்கே மண்டபமும் மார்பளவுச் சிலையும் வந்தன. தலைப்பாகை, நகைகள், முகத்தில் இன்னும் பையன் களை.

நான் நின்றபோது ஓடிப் பயிற்சி செய்த பெரியவர் ஒருவர் நின்று, சிலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, “இந்தியானோ?” என்றார். ஆமாம் என்றேன். நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்துவிட்டு ஓடினார். எனக்கும் அந்த மகாராஜாவுக்கும் ஒரே மொழியும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. ஆனாலும் அவர் வீட்டு ஆள் மாதிரி அந்த வணக்கத்தை வாங்கிக்கொண்டேன். பக்கத்திலுள்ள பாலத்துக்கும் ‘இந்தியர் பாலம்’ என்றே பெயர்.

காவிரிக்கரை:
பச்சைமலை, அங்கே எப்படிப் போவது? அடுத்த மாதம் என் தங்கை போகிறாள்.

பச்சைமலை:
ரயில் நிலையத்தின் அருகே டி1 டிராம் ஏறிக் காஷினே நிறுத்தத்தில் இறங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து ஆற்றை இடது பக்கம் வைத்து மேற்கே நேராகப் போக வேண்டும். நடை நீளம், சைக்கிள் எடுத்தால் நல்லது. வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிடட்டும்.