எக்ஸ்எல்லா, கியர் வண்டியா? மலையடிவாரத் தோட்டத்துக்கு எது தாங்கும்?

வாடிப்பட்டித் தோப்பு:
சிறுமலை அடிவாரத்துல தென்னை, எலுமிச்சை. தார் ரோட்டுல இருந்து 3 கி.மீ. சரளை, கடைசி அரைக் கிலோமீட்டர் நல்ல ஏத்தம். உர மூட்டை, 16 லிட்டர் தெளிப்பான், டீசல் கேன் கொண்டுபோகணும். டிவிஎஸ் எக்ஸ்எல் 100 எடுக்கவா, ஸ்ப்ளெண்டரா?

கருமாத்தூரான்:
எக்ஸ்எல்தாண்ணே. எடை 90 கிலோவுக்குள்ள, ஸ்ப்ளெண்டர் 112. வரப்புல மாட்டினா ஒத்தை ஆளே பின்பக்கம் தூக்கித் திருப்பிடலாம். 45 கிலோ யூரியா மூட்டை கால் வைக்கிற இடத்துலயே நிக்கும், ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல, தாழ்வா. பைக்குல அது கேரியருக்குப் போகுது. ஏத்தத்துல முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் அலையும், கேரியர் வெல்டிங்கும் விட்டுடும்.

செக்கானூரணி ஒர்க்‌ஷாப்:
மூட்டை விஷயம் சரி தம்பி. ஏத்தத்துக்கு என்ன பதில்? எக்ஸ்எல்லுக்கு ஒரே கியர். பாரத்தோட வேகம் குறைஞ்சா தானியங்கி கிளட்ச் முழுசாப் பிடிக்காது. முறுக்க முறுக்க லைனிங் வழுக்கிச் சூடாகும். கருகின வாடை அதுதான். சமதளத்துல மிச்சமான பெட்ரோல் அங்க சூடாப் போயிடும். இறக்கம் இன்னும் மோசம். வேகம் விழுந்ததும் கிளட்ச் விட்டுடும், இன்ஜின் இழுத்துப் பிடிக்காது, அத்தனை பாரமும் டிரம் பிரேக் மேல. ஸ்ப்ளெண்டரை முதல் கியர்ல இறக்கினா பிரேக்கை லேசாத் தொட்டாப் போதும்.

கருமாத்தூரான்:
இழுவை எக்ஸ்எல்லுக்குச் சீக்கிரமே வருதே ஐயா. 6.5 நியூட்டன் மீட்டர், இன்ஜின் நிமிஷத்துக்கு 3500 சுத்து சுத்தும்போதே. ஸ்ப்ளெண்டருக்கு 8.05, ஆனா 6000 சுத்துக்குப் போகணும்.

செக்கானூரணி ஒர்க்‌ஷாப்:
அந்த 6.5-ஐப் பெருக்கித் தர முதல் கியர் இல்லையே! 4 கியர் இருக்கிறது அதுக்குத்தான்.

திருமங்கலம் கரிசல்:
மழைக்காலத்துல எங்க பக்கம் ரெண்டுமே நிக்கும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவுல மண் அப்பிச் சக்கரம் சுத்தாது. சரளைன்னா அந்தக் கவலை இல்ல. பெட்ரோல் டேங்க் எக்ஸ்எல்லுக்கு 4 லிட்டர், ஸ்ப்ளெண்டருக்கு 9.8. பங்க் தூரம்னா இதையும் பாருங்க.

கருமாத்தூரான்:
சரி, சோதிச்சே பாத்துடலாம். தெரிஞ்சவங்க எக்ஸ்எல்லை வாங்கி ஒரு மூட்டையோட ஏத்தத்துல பாதியில நிறுத்தி மறுபடி கிளப்புங்க. வாடை இல்லாம கிளம்பினா எக்ஸ்எல்லே போதும்.

செக்கானூரணி ஒர்க்‌ஷாப்:
அதே இடத்துல இறங்கியும் பாருங்க. பைக்தான்னு முடிவானா, பால்காரங்க கேன் மாட்டுற மாதிரி ரெண்டு பக்கமும் கொக்கி வச்ச கேரியர் அடிக்கச் சொல்லுங்க. மூட்டையைப் பிரிச்சுப் பாதிப் பாதியாத் தொங்கவிட்டா பாரம் தாழ்ந்துடும், ஹேண்டில் அலையுறதும் குறையும். எந்த வண்டியா இருந்தாலும் கார் ஆயில் ஊத்தாதீங்க, கிளட்ச் வழுக்கும். டப்பாவுல ஜாசோ எம்ஏ (JASO MA) முத்திரை இருக்கணும், ஆயில்ல ஊறுற பைக் கிளட்சுக்கு ஏத்ததுன்னு அர்த்தம்.