'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி': ஒரே சொல் போதுமா?

வணக்கம் ஐயா,

நம் கலைச்சொல் பட்டியலுக்காக, 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி' (administratively) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'ஆளுகைமுறையில்' என்று நீங்கள் முன்வைத்ததைப் படித்தேன். 'நிர்வாக ரீதியாக' என்று கண்ட இடத்திலெல்லாம் ஒட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் ஒரே சொல்லை எல்லாப் பொருளுக்கும் வைத்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

எங்கள் புதுச்சேரியையே பாருங்கள். மாஹே கேரளத்துக்குள் இருக்கிறது, ஏனாம் ஆந்திரத்துக்குள் இருக்கிறது. இரண்டும் நிர்வாகத்தில் புதுச்சேரியைச் சேர்ந்தவை. இப்படித்தானே இயல்பாக எழுதுகிறோம்? 'இல்' உருபு ஒன்றே வேலையை முடித்துவிடுகிறது, தனியாக ஒரு வினையடை தேவைப்படவில்லை. மாஹேயிலும் ஏனாமிலும் இருக்கும் அதிகாரியை மண்டல நிர்வாகி என்றுதான் சொல்கிறோம். அதனால் 'நிர்வாகம்' இங்கே புழக்கத்தில் ஊறிய சொல். அதைத் தள்ளிவிட்டு 'ஆளுகை'யைக் கொண்டுவரக் காரணம் தெரியவில்லை.

சிக்கல் கணினி வலையமைப்பில்தான். சிஸ்கோ நிறுவனத்தின் ரவுட்டரில் (வலையமைப்புகளை இணைக்கும் கருவி) ஒரு இன்டர்ஃபேஸின் (கேபிள் மாட்டும் இணைப்பு முனை) நிலையைப் பார்த்தால் சில நேரம் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' என்று வரும். நான் பாடம் எடுக்கும் ஆய்வகத்தில் மாணவர்கள் இதைப் பார்த்ததும் கேபிளைக் கழற்றி மாட்டுவார்கள், அப்புறம் வேறு கேபிள் தேடிப் போவார்கள். கேபிளில் பழுது என்றால் வெறும் 'டவுன்' என்றுதான் வரும். இந்தச் செய்திக்குப் பொருளே வேறு: அமைப்புக் கோப்பில் அந்த இன்டர்ஃபேஸின் கீழ் 'ஷட்டவுன்' என்ற வரி இருக்கிறது. 'நோ ஷட்டவுன்' என்று கட்டளை கொடுத்தால், கேபிளும் சரியாக இருந்தால் எழுந்துகொள்ளும்.

இதை 'ஆளுகைமுறையில் செயலிழந்தது' என்று எழுதினால் எந்த மாணவருக்கு விளங்கும்? 'நிர்வாகியால் நிறுத்தப்பட்டது' என்று இன்னொரு நண்பர் சொன்னது நன்றாக இருக்கிறது. ஆனால் புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த ரவுட்டரிலும் இன்டர்ஃபேஸ்கள் இதே நிலையில்தான் இருக்கும். அங்கே எந்த நிர்வாகியும் கை வைத்திருக்க மாட்டார். எனவே 'கட்டளைப்படி நிறுத்தம்' என்பதே சரி. கேபிள் பழுதுக்கு 'இணைப்பில்லை' என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது, எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் சொல்லே காட்டிவிடும்.

பொதுப்பணி ஆவணங்களில் 'நிர்வாக ஒப்புதல்', 'தொழில்நுட்ப ஒப்புதல்' என்று ஏற்கெனவே இருக்கின்றன. 'நிர்வாக ஒப்புதல் பெற்ற பணி' என்று எழுதினால் போதும், அங்கேயும் வினையடை மறைந்துவிடுகிறது.

ஆகவே நம் பட்டியலில் இதை ஒரே பதிவாக வைக்காமல், பொது வழக்குக்கு 'நிர்வாகத்தில், நிர்வாகப்படி' என்றும், வலையமைப்புக்கு 'கட்டளைப்படி' என்றும் இரண்டு பதிவுகளாக எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஏற்றலாம். 'மேனேஜீரியலி' என்பதை இதோடு சேர்க்க வேண்டாம், அது 'மேலாண்மை நோக்கில்' என்று தனியே வரட்டும். 'கட்டளைப்படி' என்பதில் உங்களுக்குத் தடை ஏதும் இருந்தால் எழுதுங்கள் ஐயா. இல்லையென்றால் இந்த வாரமே ஏற்றிவிடுகிறேன்.