நிற மாறிலி வேண்டாம், நிறத்தக்கவைப்பு என்போம்

எல்லோருக்கும் வணக்கம்.

வெளிச்சம் மாறினாலும் ஒரு பொருளின் நிறம் எங்களுக்கு மாறாமல் தெரிவதை ஆங்கிலத்தில் colour constancy என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'நிற மாறிலி' என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்டது போலத் தெரிகிறது. கலைச்சொல் பட்டியலில் ஏற்ற முன்னம் என் மறுப்பையும் ஒருக்கால் வாசியுங்கள்.

மாறிலி நல்ல சொல்தான். ஆனால் அது கணிதத்துக்குப் போய்விட்டது. இங்கே இலங்கையில் ஓ/எல் (சாதாரண தரம்) படிக்கிற பிள்ளைக்கு மாறிலி என்றால் தன்பாட்டில் மாறாமல் கிடக்கிற ஒரு பெறுமானம். நாங்கள் பெயர் தேடுகிற விஷயமோ அப்படிக் கிடப்பதில்லை. பொருளிலிருந்து கண்ணுக்கு வருகிற ஒளி காலையில் ஒன்று, மம்மலில் இன்னொன்று. நிறத்தை விடாமல் பிடித்து வைத்திருப்பது பார்க்கிறவருடைய கண்ணும் மூளையும்.

போன கிழமை இரவு கறண்ட் நின்றபோது குப்பி விளக்குக் கொளுத்தினோம். கோயிலால் வந்து அப்பா கொடியில் போட்ட வேட்டி அந்த வெளிச்சத்திலும் எனக்கு வெள்ளையாகத்தான் இருந்தது. போன் கமெராவைப் பகல் வெளிச்சத்துக்குப் பூட்டி வைத்துவிட்டுப் படம் எடுத்துப் பார்த்தேன். படத்தில் அதே வேட்டி செம்மஞ்சள், கிட்டத்தட்டக் காவி. படம் காட்டியதுதான் கண்ணுக்குள் போன ஒளி, ஏனென்றால் குப்பி விளக்குச் சுடரில் நீலப் பங்கு மிகக் குறைவு. விழித்திரையில் உள்ள மூவகைக் கூம்புக் கலங்கள் (அண்ணளவாக 420, 530, 560 நனோமீற்றரில் கூடுதலாகத் தூண்டப்படுபவை) பகலில் அனுப்புகிற விகிதத்தை அன்றிரவு அனுப்பியிருக்க முடியாது. கூம்புகள் தங்கள் உணர்திறனை வெளிச்சத்துக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கின்றன, மூளை சுற்றியுள்ள சுவர், பாய், கை எல்லாவற்றோடும் ஒப்பிட்டு விளக்கின் மஞ்சளைக் கழித்துவிடுகிறது, மிச்சத்தை வேட்டியின் நிறம் என்று எனக்குத் தருகிறது. இவ்வளவு வேலையை 'இலி' என்று முடிகிற சொல்லுக்குள் எப்படி வைப்பது?

போலரொயிட் கமெராவை உருவாக்கிய எட்வின் லாண்ட் இதை அளந்தே காட்டினார். பல நிறத் துண்டுகள் ஒட்டிய பலகைக்கு மூன்று ஒளியெறிகருவிகளால் வெளிச்சம் கொடுத்து, ஒரு துண்டிலிருந்து வந்த ஒளியின் அளவுகளையே இன்னொரு துண்டிலிருந்தும் வரும்படி திருகினார். பார்த்தவர்களுக்குப் பச்சை பச்சையாகவே இருந்தது, சிவப்பு சிவப்பாகவே இருந்தது. சுற்றியிருப்பதை மறைத்து அந்தத் துண்டை மட்டும் காட்டினால் அந்த உறுதி போய்விடும். இந்த வேலை விழித்திரையில் நடக்கிறதா மூளையின் மேற்பட்டையில் நடக்கிறதா என்று அவருக்கு நிச்சயமில்லை, அதனால் இரண்டின் ஆங்கிலப் பெயரையும் (ரெட்டினா, கோர்ட்டெக்ஸ்) சேர்த்தே 'ரெட்டினெக்ஸ்' என்று தன் கொள்கைக்குச் சொல் கட்டினார். சொல் ஆக்குகிற எங்களுக்கு இது பிடித்த கதையாக இருக்கவேண்டும்.

சேலைக்கடை உதாரணம் ஒன்று வந்திருந்தது. பெரியகடையில் ரியூப்லைற்றின் கீழ் சேலையும் சட்டைத்துணியும் ஒன்றுபோலத் தெரியும், வாசலுக்குக் கொண்டுவந்தால் ஒட்டாது. உண்மை, ஆனால் அது வேறு நிகழ்வு. வேறு வேறு சாயங்கள் ஒரு வெளிச்சத்தில் மட்டும் கூம்புகளை ஒரே மாதிரித் தூண்டுவது அது. அதற்குத் தனிச் சொல் வேண்டும், இதோடு கலக்கவேண்டாம்.

சரி, என் சொல்லுக்கு வருகிறேன். முதலில் 'நிறத்தரிப்பு' என்று வைத்துப் பார்த்தேன். பஸ் தரிப்பிடம் என்று நாளாந்தம் சொல்கிற எங்களுக்குத் தரிப்பு நின்று நிலைப்பதுதான், ஆனால் தமிழ்நாட்டில் வாசிப்பவர் உடை தரிப்பதை நினைப்பார். 'நிறக்காப்பு' துணிச் சாயம் போகாமல் பார்ப்பதுபோல் ஒலிக்கிறது. 'நிறத்தக்கவைப்பு' இரண்டு கரையிலும் விளங்கும், தக்கவைக்கிற ஒருவர் இருக்கிறார் என்பதும் சொல்லிலேயே தெரிகிறது. நீளம் என்பீர்கள். உயிரியலில் 'ஓர்சீர்த்திடநிலை' (homeostasis) படிக்கிற பிள்ளைகளுக்கு இது நீளமில்லை.

வினையாகப் புழங்குவதுதான் எனக்குப் பெரிய ஆறுதல். 'மூளை நிறத்தைத் தக்கவைக்கிறது', 'தக்கவைக்கத் தவறியது' என்றெல்லாம் வசனம் எழுதலாம், மாறிலியை வைத்து எழுதிப் பாருங்கள், வராது. தவறுவதையும் சொல்லியாகவேண்டும். தாழமுக்கச் சோடிய விளக்கின் கீழ் ஏறத்தாழ ஒரே அலைநீளம், 589 நனோமீற்றர்; ஒப்பிட மூளைக்கு ஒன்றும் இல்லை, எல்லாமே மஞ்சளும் கறுப்பும்தான். 2015 இல் உலகம் முழுக்கச் சண்டை பிடித்த அந்த உடுப்புப் படமும் இதே கதை. நிழலில் நிற்கிறது என்று எடுத்த மூளைகள் வெள்ளை-பொன் என்றன, மஞ்சள் வெளிச்சத்தில் என்று எடுத்தவை நீலம்-கறுப்பு என்றன. உடுப்பு உண்மையில் நீலம்-கறுப்பு.

இதே அச்சில் பருமன் தக்கவைப்பு, வடிவத் தக்கவைப்பு என்று மற்றவற்றையும் வார்க்கலாம். வல்லினம் மிகுமா, சேர்த்து எழுதுவதா பிரித்தா என்பதை இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வண்ணமா நிறமா என்ற கேள்வியில் மட்டும் நான் இறங்கமாட்டேன், எனக்கு நிறம்தான்.